கார்பரேட்டரைப் பிரிப்பதற்கு முன்: பழைய வி-8 கார்களின் ஹீட் ரைசர் வால்வு

பழைய அமெரிக்கன் வி-8 வண்டி வழியில் சூடாகி நின்றுவிட்டால் முதலில் ரேடியேட்டரைப் பார்ப்பார்கள், அப்புறம் கார்பரேட்டரைப் பிரிப்பார்கள். நான் வண்டிக்கு அடியில் குனிந்து, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் கொண்டுவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வந்து சைலன்சர் பைப்போடு சேரும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன இரும்புக் கட்டியை விரலால் தள்ளிப் பார்ப்பேன். ஹீட் ரைசர் வால்வின் எடைக்கட்டி அது. எஞ்சின் ஆறியிருக்கும்போது தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால், கார்பரேட்டர் ஸ்க்ரூவில் கை வைப்பதே வீண்.

எனக்குக் கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலையில் ஷெட். சோறு போடுவது டிராக்டரும் பொலேரோவும்தான். ஆனால் பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் தோட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இம்பாலாவையோ மஸ்டாங்கையோ எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். திரும்பும்போது உச்சிவெயிலில் சூளகிரி ஏற்றத்தில் வண்டி இழுக்காது. இல்லையென்றால் சுங்கச்சாவடி வரிசையில் ஸ்லோவில் நின்றே அணைந்துபோகும். அப்படி ஷெட்டுக்கு வந்த வண்டிகளில் இந்த வால்வு இறுகிப்போன வண்டிகள் நிறைய. அதை எப்படிப் பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது, நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டுமா என்பதைச் சொல்கிறேன்.

எதற்கு இந்த வால்வு

கார்பரேட்டர் பெட்ரோலைத் தூவித்தான் விடுகிறது. ஆவியாக்குவது அதன் வேலை இல்லை. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது அந்தத் துளிகள், கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் குளிர்ந்த சுவரில் படிந்து வழியும். சிலிண்டருக்குப் போவது பாதி காற்று, பாதி ஈரம். ஆக்சிலேட்டரை மிதித்தால் விக்கும், அணையும். சோக் போட்டு அதிகப் பெட்ரோல் கொடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் சோக் ரொம்ப நேரம் நின்றால் ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே சம்ப்பில் போய்ச் சேரும்.

அதற்காக அமெரிக்காவின் டெட்ராய்ட் கார் கம்பெனிக்காரர்கள் செய்த ஏற்பாடு இது. வி-8 எஞ்சினில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு சிலிண்டர். இரண்டு பக்க ஹெட்டிலும் நடுவிலுள்ள எக்ஸாஸ்ட் போர்ட்டிலிருந்து ஒரு சின்னப் பாதை பிரிந்து, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் புகுந்து, கார்பரேட்டருக்கு நேர் அடியில் ஓடி, எதிர்ப்பக்க ஹெட்டில் போய்ச் சேரும். கிராஸ்ஓவர் என்பது இதைத்தான். சும்மா விட்டால் புகை அந்தப் பக்கம் போகாது, அகலமான சைலன்சர் பைப் வழியாகவே வெளியேறிவிடும். எனவே ஒரு பக்க மேனிஃபோல்டின் வாயில் ஒரு தகட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். வழி அடைபட்டதும் அந்தப் பக்கத்துச் சூடான புகை கிராஸ்ஓவர் வழியே எதிர்ப்பக்கம் போகிறது. போகிற வழியில் கார்பரேட்டரின் அடித்தளத்தைச் சூடாக்குகிறது. பெட்ரோல் படிந்து நிற்காமல் ஆவியாகிறது. பல வண்டிகளில் ஆட்டோமேட்டிக் சோக்கின் சுருள் கம்பியும் இந்தச் சூட்டை நம்பித்தான் திறக்கிறது. செவ்ரோலேயில் அது இன்டேக்கின் மேலேயே, கிராஸ்ஓவர் மேல் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும்.

தகட்டை மூடுவதும் திறப்பதும் ஒரு பைமெட்டல் சுருள். சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருட்டிய ஸ்பிரிங் அது. ஆறியிருக்கும்போது இறுக்கமாக நின்று தகட்டை மூடிவைக்கும். மேனிஃபோல்டு சூடேறச் சூடேற இறுக்கம் தளரும். ஷாஃப்டின் முனையிலுள்ள எடைக்கட்டி தன் கனத்தால் கீழே இறங்கித் தகட்டைத் திறக்கும். தகடு ஷாஃப்டில் நட்டநடுவாகப் பொருத்தப்பட்டிருக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ரேஸ் கொடுத்தால் புகையின் அழுத்தமே அதைத் திறக்கத் தள்ளும். கம்பி, கேபிள், வயர் எதுவும் கிடையாது. நல்ல வேலைப்பாடு என்றுதான் சொல்வேன், அது அசையும் வரைக்கும்.

எங்கே தேடுவது

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்த்தால் வலது கைப்பக்கம். பெரும்பாலான வி-8 வண்டிகளில் அங்கேதான் இருக்கும். ஆனாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள். செவ்ரோலேயின் சின்ன வி-8 எஞ்சின்களில் (283, 327, 350 கன அங்குலம்) அது மேனிஃபோல்டுக்கும் பைப்புக்கும் நடுவில் நிற்கும் தனித்துண்டு, மூன்று ஸ்டட்டில் மாட்டியிருக்கும். கிரைஸ்லர் வகை வண்டிகளில், அதாவது டாட்ஜ், பிளைமத்தில், வால்வு வலது மேனிஃபோல்டு வார்ப்புக்குள்ளேயே இருக்கும். அதைத் தனியாகக் கழற்றி எடுக்க முடியாது. 1975 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் சுருளுக்குப் பதிலாக, எஞ்சினின் உறிஞ்சலால் இழுபடும் வேக்குவம் டயஃப்ரம் வந்தது. அதில் தகடு அசையாவிட்டால், ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹெடர், அதாவது வார்ப்பு மேனிஃபோல்டுக்குப் பதிலாகத் தனித்தனிக் குழாய்கள், போட்ட வண்டி என்றால் தேடவே வேண்டாம். ஹெடர் மாட்டிய அன்றே வால்வு போயிருக்கும்.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. பழைய ஃபார்கோ, டாட்ஜ் லாரிகளின் ஃபிளாட்ஹெட் ஆறு சிலிண்டர் எஞ்சினிலும் இதே எடைக்கட்டியும் சுருளும் உண்டு. அந்த வண்டிகளில் கை கறுத்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கூட்டிவந்து காட்டுங்கள், பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

சோதித்துப் பார்ப்பது

காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பாருங்கள். எடைக்கட்டியைப் பிடித்துச் சுற்றினால் ஏறக்குறைய கால்வட்டம் போக வேண்டும், விட்டவுடன் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே இழுக்க வேண்டும். சுற்றுகிறது, ஆனால் திரும்பி வரவில்லை என்றால் ஸ்பிரிங் செத்துவிட்டது, அல்லது கொக்கி கழன்றிருக்கிறது. அசையவே இல்லை என்றால் ஷாஃப்ட் இறுகிவிட்டது. பிளையரால் பிடித்துத் திருகாதீர்கள். வார்ப்பிரும்புக் கட்டி, பட்டென்று ஒடியும்.

அடுத்து ஸ்டார்ட் செய்து ஒரு சின்ன ரேஸ் கொடுங்கள். கட்டி ஒரு துடி துடித்து அடங்க வேண்டும். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் அது மெதுவாக இறங்கி, திறந்த நிலையில் நிற்கும். ஸ்லோவில் டகடகவென்று ஆடிச் சத்தம் போட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது சத்தத்தைத் தடுக்கும் சின்னக் கம்பி விழுந்துவிட்டது. அந்தச் சத்தத்தை டேப்பட் சத்தம் என்று நினைத்து வால்வ் கவரைக் கழற்றியவர்கள் உண்டு.

குனிய முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரட்டைச் சைலன்சர் வண்டி என்றால், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பின்னால் போய் இரண்டு குழாய்க்கும் கை காட்டுங்கள். வால்வு இருக்கும் பக்கம் மூச்சு பலவீனமாகவும் எதிர்ப்பக்கம் பலமாகவும் வர வேண்டும். சூடான பிறகு இரண்டும் ஒரே பலத்தில் வர வேண்டும். ஆரம்பம் முதல் இரண்டும் ஒரே பலம் என்றால் வால்வு திறந்தபடி இறுகியிருக்கிறது. கடைசி வரை ஒரு பக்கம் சோர்ந்தே இருந்தால் மூடியபடி இறுகியிருக்கிறது. இந்தச் சோதனையைத் திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய கராஜில் வேண்டவே வேண்டாம்.

திறந்தபடி இறுகினால் பெரிய கேடு இல்லை. காலையில் விக்கும், சோக் விலக நேரமாகும், மைலேஜ் கொஞ்சம் குறையும். மூடியபடி இறுகினால்தான் ஆபத்து. நான்கு சிலிண்டரின் புகை முழுவதும் ஒரு சின்னச் சந்துக்குள் நெரிபடுகிறது. வேகம் எடுக்கும்போது மூச்சுத்திணறி இழுவை போய்விடும். கார்பரேட்டரின் அடிப்பாகம் அடுப்பில் வைத்தது போலக் கொதித்து, பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையில் அது பொங்கும். அந்தப் பக்கத்து எக்ஸாஸ்ட் வால்வுகள் நாளடைவில் கருகும். செவ்ரோலேயின் ஆரஞ்சு பெயிண்ட் இன்டேக்கின் நடுப்பகுதியில் லேசாக நிறம் மாறுவது சகஜம். வெளுத்து, உரிந்து, துருத்தூள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு இம்பாலாவைக் கொண்டுவந்திருந்தார்கள். நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போனதில், கோவிலை அடைவதற்குள்ளேயே வண்டி நின்றுவிட்டது. அதற்கு முன்பு வேறு ஒரு ஒர்க்ஷாப்பில் கார்பரேட்டர் கிட், பெட்ரோல் பம்பு, காயில் எல்லாம் மாற்றியிருந்தார்கள். மறுநாள் ஷெட்டுக்கு இழுத்து வந்தபோது உரிமையாளர், "மறுபடியும் கார்பரேட்டரைப் பிரிக்கணுமாண்ணா?" என்று அலுப்போடு கேட்டார். "அதைத் தொட வேண்டாம் சார். இங்க கீழே வந்து இந்தக் கட்டி ஆடுதான்னு பாருங்க" என்றேன். ஆடவில்லை. தகடு மூடியபடியே துருவோடு ஒட்டியிருந்தது. ஊர்வலத்தில் காற்றோட்டமும் இல்லை, வேகமும் இல்லை, அடியில் மட்டும் இடைவிடாத சூடு. பம்பு புதிதாக இருந்து என்ன பயன்?

இளக்குவது

வண்டியைத் தூக்கினால் சரியான ஜாக் ஸ்டாண்டு போடுங்கள். கிருஷ்ணகிரியில் கல்லுக்குப் பஞ்சமில்லை என்பதால் கிரானைட் துண்டை முட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. கல் சொல்லாமல் பிளக்கும். அதன் அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும், அதைத் தாங்கும் வளையமான புஷ் இருக்கும் இடத்தில், துருநீக்கி ஸ்ப்ரே அடியுங்கள். டபிள்யூடி-40 கைவசம் இருந்தால் அதுவும் ஆகும், ஆனால் பழைய துருவுக்கு அதைவிட ஊடுருவும் ஆயில் வேகமாக வேலை செய்யும். ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் சின்னச் சுத்தியலால் ஷாஃப்டின் முனையில், ஷாஃப்ட் போகும் திசையிலேயே, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஷாஃப்ட் துளியூண்டு உள்ளும் புறமும் நகர்ந்தால் போதும், துருவின் பிடி விட்டுவிடும். அப்புறம் கட்டியைக் கையால் இப்படியும் அப்படியும் ஆட்டி, மறுபடி ஸ்ப்ரே, மறுபடி தட்டு. பொறுமைதான் வேண்டும். ஒரே நாளில் விடாவிட்டால் மறுநாளும் ஊறட்டும்.

என் ஷெட்டுப் பையன் ஒருமுறை பெரிய சுத்தியலை எடுத்தான். "தம்பி, வார்ப்புல அடிக்காத, ஷாஃப்ட்டுல தட்டு" என்றேன். மேனிஃபோல்டில் விரிசல் விட்டால் அதே மேனிஃபோல்டு தேடி பெங்களூர் சிவாஜிநகர் பழைய பார்ட்ஸ் கடைகளை அலசினாலும் கிடைக்காது, அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டும்.

அப்படியும் விடாவிட்டால் சூடு காட்ட வேண்டும். இதை வண்டியில் வைத்துச் செய்யாதீர்கள். பெட்ரோல் லைன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தனித்துண்டு வால்வு என்றால் கழற்றி வெளியே எடுத்து, கேஸ் டார்ச்சால் புஷ் பகுதியைச் சுற்றிச் சூடேற்றி, ஆறும்போது ஆட்டிக்கொண்டே இருங்கள். தண்ணீர் ஊற்றி ஆறவைக்கக் கூடாது. சுருளில் நெருப்புப் படக் கூடாது, பட்டால் அதன் குணம் போய்விடும். சூடுகாட்டும் முன் சுருளைக் கழற்றுங்கள். கழற்றும் முன் கொக்கி எந்தப் பக்கம், எத்தனை முறுக்கு என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இளகிய பிறகு என்ன போடுவது என்பதில்தான் நிறையப் பேர் கெடுக்கிறார்கள். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ போட்டால் மேனிஃபோல்டு சூட்டில் அது கரியாகி, முன்பைவிடக் கெட்டியாக இறுகும். கிராஃபைட்தான் சரி. ஊடுருவும் ஆயிலில் கிராஃபைட் பவுடரைக் குழைத்து இரண்டு சொட்டு விட்டால், ஆயில் எரிந்துபோனாலும் கிராஃபைட் தங்கும். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதையும் செய்யுங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்காக ஷெட்டில் நிற்கும் வண்டிக்குத்தான் இது இன்னும் அவசியம், ஓடும் வண்டியில் துரு அவ்வளவு பிடிக்காது.

கழற்றி மாட்டும்போது

பழைய ஸ்டட்டுகள் ஒடிவதற்கென்றே காத்திருக்கும். நட்டை ஒரே இழுப்பாக இழுக்காமல் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, திரும்பத் தளர்த்திக் கொண்டுவாருங்கள். மாட்டும்போது பித்தளை நட்டு போடுங்கள். அது ஸ்டட்டோடு துருவேறி ஒட்டாது, அடுத்த முறை கழற்ற வருபவன் உங்களை வாழ்த்துவான். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். ஏர் அடித்துத் தூசி கிளப்பாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள்.

வால்வு நன்றாக ஆடியும் கார்பரேட்டரின் அடி சூடாகவில்லை என்றால் கிராஸ்ஓவரில் கரி அடைத்திருக்கிறது. ஸ்டார்ட் செய்து சில நிமிடத்தில் இன்டேக்கின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று காய வேண்டும். காயவில்லை என்றால் இன்டேக்கை இறக்கித்தான் சுரண்ட வேண்டும், வேறு வழி இல்லை. இறக்கினால் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செவ்ரோலேயில் அங்கே ஒரு தகரத் தடுப்பு இருக்கும். எஞ்சின் ஆயில் தெறித்து அந்தச் சூடான இடத்தில் பட்டுக் கருகாமல் இருக்க வைத்தது. அதைத் தேவையில்லாத தகரம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நம் ஊருக்கு இது வேண்டுமா

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வண்டி எங்கே தூங்குகிறது என்பதைப் பொறுத்தது என்பேன். தளி, ஓசூர்ப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழி, தை விடியலில் பனி இறங்கி நிற்கும். அங்கே காலையில் எடுத்து ஓட்டும் வண்டிக்கு வால்வு வேலை செய்தால் சுகம்தான். தர்மபுரி, அரூர் பக்கம் வெயிலில் கிடக்கும் வண்டிக்கு வருடத்தில் பெரும்பாலான நாள் அது தேவைப்படாது. அங்கே தேவையற்ற சூடுதான் எதிரி. தொப்பூர்க் கணவாயில் சேலம் பக்கமிருந்து ஏறி வரும்போது லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு வருவதை நினைத்துப் பாருங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனால் ஆவியாக அதிகச் சூடு கேட்கும், அதனால் குளிர்காலையில் விக்கல் கூடும். ஆனால் அது 78 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கொதித்த கார்பரேட்டரில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு பக்கமும் அடிதான்.

எடுத்துவிடுவது என்று முடிவு செய்தால் ஒழுங்காக எடுங்கள். வால்வைக் கழற்றிவிட்டுப் பைப்பை அப்படியே மேலே இழுத்து மாட்டினால் சைலன்சர் வரிசை முழுக்கக் கோணும், எங்காவது லீக் ஆகும். வால்வின் கனத்துக்குச் சரியாக ஒரு துண்டைக் கடைந்து நடுவில் வையுங்கள். ஓசூர் சிப்காட் பக்கம் எந்த லேத்திலும் பழைய துண்டை மாதிரிக்குக் கொடுத்தால் செய்துதருவார்கள். கிரைஸ்லர் போல வார்ப்புக்குள் இருக்கும் வால்வு என்றால், தகட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஷாஃப்ட் ஓட்டைகளை அடைக்க வேண்டும்.

தற்காலிகமாகத் திறந்த நிலையில் கம்பியால் கட்டி வைப்பதும் உண்டு, சுருளும் கட்டியும் பத்திரமாக இருக்கும், குளிர்காலத்தில் அவிழ்த்துவிடலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் எது திறந்த நிலை என்று தெரிந்து கட்டுங்கள். ஆறிய எஞ்சினில் ஸ்பிரிங் இழுத்து நிறுத்தும் இடம் மூடிய நிலை, அதற்கு எதிர் முனை திறந்த நிலை. தலைகீழாகக் கட்டப்பட்ட வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் எஞ்சினை இறக்கி ஓவராயில் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிராஸ்ஓவரைத் தகடு வைத்து அடைக்கும் இன்டேக் கேஸ்கட் கிடைக்கிறது. சூடு பிடிக்காது என்று அதை வாங்கி மாட்டுகிறார்கள். நல்லதுதான், ஆனால் ஹீட் ரைசர் வால்வு உள்ளே இருக்கும்போது அதை மாட்டக் கூடாது. வால்வு மூடியிருக்கும், கிராஸ்ஓவரும் அடைபட்டிருக்கும், அந்தப் பக்கத்து நான்கு சிலிண்டரின் புகைக்கு வெளியேற வழியே இருக்காது.

வால்வை எடுத்தாலும், கட்டினாலும், கிராஸ்ஓவரை அடைத்தாலும் சோக்கை மறக்காதீர்கள். சுருளுக்கு வரவேண்டிய சூடு குறைந்தால் அது தாமதமாகத்தான் திறக்கும். கறுப்புப் புகை, பிளக்கில் கரி, மைலேஜ் வீழ்ச்சி எல்லாம் வரும், பழி மறுபடியும் கார்பரேட்டர் மேல் விழும். 12 வோல்ட் எலக்ட்ரிக் சோக் மாற்றுவது சுலபம். அதற்குக் கரண்ட் எடுக்கும்போது காயிலின் பாசிட்டிவ் முனையில் எடுக்காதீர்கள், பாயிண்ட் செட் வண்டிகளில் அங்கே ரெசிஸ்டர் வயர் வழியாகக் குறைந்த வோல்ட்தான் வரும். சாவி போட்டால் முழு 12 வோல்ட் வரும் ஃபியூஸ் முனையில் எடுங்கள். அதைவிட எளிது, டேஷ்போர்டுக்குக் கீழே கையால் இழுக்கும் கேபிள் சோக். மாட்டி முடித்து, ஆறிய எஞ்சினில் கேபிளை முழுதாக உள்ளே தள்ளினால் சோக் தகடு செங்குத்தாக நிற்கிறதா என்று ஏர் கிளீனரைத் திறந்து ஒருமுறை பாருங்கள். சாய்ந்து நின்றால் கேபிள் கிளிப்பைத் தளர்த்தி நகர்த்துங்கள்.